ரோடு பைக்குக்கு ஏற்ற கம்பியில்லா சைக்கிள் கம்ப்யூட்டர்: ஊரப்பாக்கம் சாலைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

கம்பியில்லா சைக்கிள் கம்ப்யூட்டர் இரண்டு பாகங்களால் ஆனது. சக்கரத்தின் அருகிலோ பெடல் கிராங்கிலோ பொருத்தப்படும் சென்சார் ஒன்று. அது அனுப்பும் ரேடியோ அலையைப் பெற்று, வேகம், தூரம், நேரம் என எண்களாகக் காட்டும் திரை மற்றொன்று. ஜி.பி.எஸ். உள்ள கருவிகளில் சென்சாரின் வேலையில் ஒரு பங்கைச் செயற்கைக்கோள்கள் ஏற்றுக்கொள்கின்றன. விலை சில ஆயிரத்தில் தொடங்கிப் பல பத்தாயிரம் வரை போவதால், எதை வாங்குவது என்பது ரோடு பைக் வாங்கிய எவருக்கும் எழும் கேள்வி.

கடைகளிலும் விளம்பரங்களிலும் இக்கருவிகளை வசதிகளின் எண்ணிக்கையைக் கொண்டே ஒப்பிடுகிறார்கள். அந்த வசதிகளில் எவை உண்மையில் உதவும் என்பதை முடிவு செய்வதோ ஓட்டும் சாலையும் அதன் தட்பவெப்பமும்தான். செங்கல்பட்டு மாவட்டத்தின் ஊரப்பாக்கம் இதை ஆராய ஏற்ற இடம். ஜி.எஸ்.டி. சாலையும் மின்ரயில் பாதையும் இங்கே அருகருகே செல்கின்றன. வடக்கே வண்டலூர் போய்க் கிழக்கே திரும்பினால் கண்டிகை, மாம்பாக்கம், புதுப்பாக்கம் வழியாகக் கேளம்பாக்கம். அதைக் கடந்தால் கோவளம். அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே மாமல்லபுரம். போக மட்டும் ஏறக்குறைய 45 கி.மீ. வந்த வழியே திரும்பாமல் திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு வழியாகச் சுற்றி வந்தால் மொத்தம் 100 கி.மீ.யை ஒட்டி வரும். நெரிசலான நெடுஞ்சாலை, ரயில் மின்கம்பி, திறந்த கடற்கரை, உப்புக் காற்று, வெயில், அடைமழை என்று கருவியைச் சோதிக்கக்கூடிய அனைத்தும் இந்த ஒரு சுற்றிலேயே உண்டு.

கருவி வந்த வழி

சைக்கிள் ஓடிய தூரத்தை அளக்கும் கருவி மின்னணுவியலுக்கு முந்தையது. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் கர்ட்டிஸ் வீடர் 1895இல் தயாரிக்கத் தொடங்கிய சைக்ளோமீட்டர் முழுக்க இயந்திர வகை. முன்சக்கரத்தின் ஸ்போக்கில் மாட்டிய சிறு முளை, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பற்சக்கரத்தைத் தட்டிவிடும். அது எண்களை நகர்த்தும். தூரம் தெரியும், வேகம் தெரியாது.

1980களில் ஜப்பானின் கேட்ஐ, அமெரிக்காவின் அவோசெட் போன்ற நிறுவனங்கள் திரவப் படிகத் திரையுள்ள சிறு கம்ப்யூட்டர்களைக் கொண்டுவந்தன. ஸ்போக்கில் ஒரு காந்தம், ஃபோர்க்கில் ஒரு சென்சார், அங்கிருந்து ஹேண்டில்பார் வரை மெல்லிய கம்பி. பிரேக் கேபிளோடு சுற்றிக் கட்டிய அந்தக் கம்பி அறுவதும் இணைப்பில் துருப்பிடிப்பதும் வழக்கமான தொல்லைகள். கம்பியை நீக்கிய கருவிகள் பின்னர் வந்தன. 2000களின் நடுவில் கார்மின் நிறுவனத்தின் எட்ஜ் வரிசை ஜி.பி.எஸ்.ஸைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது.

1949இல் தொடங்கப்பட்டு அம்பத்தூரில் சைக்கிள் செய்துவரும் டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளில் வேலைக்கும் பள்ளிக்கும் போனவர்களுக்கு இப்படியொரு கருவி தேவைப்படவில்லை. 2010களில் அதே நிறுவனத்தின் மான்ட்ரா வண்டிகளும் இறக்குமதி ரோடு பைக்குகளும் பரவிய பிறகே கம்ப்யூட்டருக்கும் இங்கே சந்தை உண்டானது.

வேகம் எங்கிருந்து கிடைக்கிறது

தேர்வின் முதல் கேள்வி இது. வேகத்தை அறிய இரண்டு வழிகள்: சக்கரச் சுற்றை எண்ணுவது, அல்லது செயற்கைக்கோளைக் கொண்டு இடத்தைக் கணிப்பது.

பழைய வகைச் சக்கரச் சென்சாருக்குள் ரீடு சுவிட்ச் எனப்படும் சிறு கண்ணாடிக் குழல் இருக்கும். காந்தம் அதைக் கடக்கும்போது உள்ளே இருக்கும் இரு மெல்லிய தகடுகள் ஒட்டிப் பிரியும். ஒவ்வொரு ஒட்டலும் ஒரு சுற்று. புதிய வகையில் காந்தம் கிடையாது. ரப்பர் பட்டையால் ஹப்பில் கட்டப்படும் சென்சார், தன் சுழற்சியைத் தானே உணர்கிறது. ஸ்போக்கில் காந்தம் நகர்ந்துபோவது, இடைவெளி கூடிவிடுவது போன்ற சிக்கல்கள் இதில் இல்லை.

இரண்டு வகைக்கும் அடிப்படை, திரையில் பதியப்படும் டயர் சுற்றளவு. கையேடுகளின் அட்டவணைப்படி 700×23 டயருக்கு 2096 மி.மீ., 700×25க்கு 2105, 700×28க்கு 2136, 700×32க்கு 2155. 25 டயரை 28ஆக மாற்றியவர் எண்ணைத் திருத்த மறந்தால் ஒன்றரை விழுக்காடு குறைவாகக் காட்டும். திருக்கழுக்குன்றம் சுற்றில் இது ஒன்றரை கிலோமீட்டர். அட்டவணையைவிட நேரடி அளவே துல்லியமானது: டியூப் வால்வு தரையை நோக்கி இருக்கும் இடத்தில் சாக்பீஸால் கோடிட்டு, ஓட்டுபவர் வண்டியில் அமர்ந்தபடி மூன்று முழுச் சுற்று நேராக உருட்டி, கிடைத்த நீளத்தை மூன்றால் வகுக்க வேண்டும். ஆள் எடையில் டயர் சற்று அமுங்குவதும் இதில் கணக்காகிவிடும்.

ஜி.பி.எஸ். கருவிக்கு இந்தத் தொல்லை இல்லை. பொருத்திய உடனே ஓட்டலாம். திறந்த வானமுள்ள கடற்கரைச் சாலையில் அதன் அளவு நம்பத்தக்கது. அதன் குறை நெரிசலில் தெரியும். பெரும்பாலான கருவிகள் நொடிக்கு ஒரு முறை இடத்தைக் குறிக்கின்றன; மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் இரு குறிகளுக்கு நடுவே எட்டு மீட்டருக்கு மேல் போய்விடும். ஜி.எஸ்.டி. சாலையில் நின்று நின்று நகரும்போது திரையில் வேகம் சற்றுப் பிந்தியே மாறும். வண்டலூர் மேம்பாலத்தின் அடியிலோ அடர்ந்த மர நிழலிலோ இடக்குறி சில மீட்டர் விலகலாம். ஜி.பி.எஸ். கருவியோடு ஒரு சக்கரச் சென்சாரையும் இணைத்துவிட்டால் வேகம் சக்கரத்திலிருந்தும் பாதை செயற்கைக்கோளிலிருந்தும் வரும். டயர் சுற்றளவைச் செயற்கைக்கோள் அளவோடு ஒப்பிட்டுத் தானே திருத்திக்கொள்ளும் கருவிகளும் உண்டு.

ஜி.பி.எஸ். என்ற பெயர் வழக்கில் எல்லாச் செயற்கைக்கோள் தொகுதிகளையும் குறிக்கிறது. ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ ஆகியவற்றையும் சேர்த்துப் பயன்படுத்தும் கருவி விரைவாக இடம் பிடிக்கும். இந்தியாவின் நாவிக் தொகுதி பல கருவிகளும் கையாளும் எல்1 அலைவரிசைக்கு வந்தது, 2023 மே 29 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட என்.வி.எஸ்.-01 செயற்கைக்கோளோடுதான். நாவிக் இல்லாத கருவியாலும் இப்பகுதியில் குறையொன்றும் நேராது.

அலை எப்படிப் பயணிக்கிறது

விலை குறைந்த கம்பியில்லாக் கருவிகள் பலவற்றில் சென்சார் அனுப்புவது தாழ் அதிர்வெண் அனலாக் துடிப்பு. அது எட்டும் தூரம் பொதுவாக 60 முதல் 80 செ.மீ. வரைதான். ஃபோர்க்கிலிருந்து ஸ்டெம் வரை இது போதும், பின்சக்கரத்திலிருந்து எட்டாது. அந்தத் துடிப்பில் அடையாளக் குறி இல்லாததால், பக்கத்திலேயே ஓட்டும் இன்னொருவரின் சென்சாரையும் திரை எண்ணிவிடக்கூடும். ஹேண்டில்பாரில் அருகிலேயே மாட்டிய சில எல்.இ.டி. விளக்குகளும் இடையூறு செய்யும். ரயில் பாதை, லெவல் கிராசிங், ஒளிபரப்புக் கோபுரம் ஆகியவற்றின் அருகே தவறான அளவு வரலாம் என்று இத்தகைய கருவிகளின் கையேடுகளே எச்சரிக்கின்றன. ஊரப்பாக்கத்தில் சாலையை ஒட்டியே 25,000 வோல்ட் மின்கம்பியில் ரயில்கள் ஓடுவதால் அந்த எச்சரிக்கை இங்கே பொருந்தும். நின்றிருக்கும் சைக்கிளுக்கு வேகம் காட்டினாலோ, உச்ச வேகம் நம்ப முடியாத அளவுக்கு ஏறியிருந்தாலோ காரணம் பெரும்பாலும் இத்தகைய இடையூறே.

டிஜிட்டல் கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. இந்தியாவில் இதற்கு 2005 முதல் உரிமம் தேவையில்லை. ஒவ்வொரு சென்சாருக்கும் தனி அடையாள எண் உண்டு. முதல்முறை இணைத்தபின் திரை அதன் பேச்சை மட்டுமே கேட்கும். குழுவில் இருபது பேர் சேர்ந்து ஓட்டினாலும் கலக்காது. ஒரே நிறுவனத்தின் ஒரே பெயர் வரிசையில்கூட இரு வகையும் இருக்கலாம்: கேட்ஐயின் பட்ரோன் அனலாக், பட்ரோன் டிஜிட்டல் 2.4 கிகாஹெர்ட்ஸ். பெட்டியின் மேல் ‘வயர்லெஸ்’ என்று மட்டும் இருந்தால் எந்த வகை என்று கேட்டு அறிய வேண்டும்.

டிஜிட்டலில் இரண்டு மொழிகள். கனடாவின் டைனாஸ்ட்ரீம் நிறுவனம் உருவாக்கிய ஆன்ட் பிளஸ் முதலாவது. 2006இல் அந்நிறுவனத்தைக் கார்மின் வாங்கியது. 2010இல் புளூடூத் 4.0 தரத்தோடு வந்த குறைமின் புளூடூத் இரண்டாவது. ஆன்ட் பிளஸ் சென்சார் ஒன்றின் அலையை எத்தனை திரைகளும் ஒரே நேரத்தில் பெறலாம். புளூடூத் சென்சார் ஓரிரு கருவிகளோடு மட்டுமே இணையும். பழையவை ஒன்றோடு மட்டும். அதனால்தான் போனில் ஏற்கெனவே இணைந்துவிட்ட சென்சாரைத் திரையால் கண்டுபிடிக்க முடியாமல் போகிறது. ஆன்ட் பிளஸ் சான்றளிப்புத் திட்டத்தைக் கார்மின் 2025இல் முடித்துக்கொண்டது. கையிலுள்ள சென்சார்கள் இதனால் வேலை செய்யாமல் போகப்போவதில்லை. என்றாலும் இனி வாங்குவது இரு மொழியும் பேசக்கூடியதாக இருப்பது நல்லது.

எந்த எண் பயன்படும்

வேகம் எல்லோரும் முதலில் பார்க்கும் எண். கடற்கரைச் சாலையில் அதிகம் ஏமாற்றுவதும் அதுவே. இங்கே ஏற்றம் குறைவு, காற்று அதிகம். கோடையில் முற்பகல் கழிந்ததும் கடற்காற்று எழுகிறது. வடகிழக்குப் பருவக்காலத்தில் மாமல்லபுரத்திலிருந்து வடக்கே திரும்புபவர் எதிர்க்காற்றில் மிதிக்க நேரும். காற்றின் எதிர்ப்பு, காற்றைப் பொறுத்த வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால் சிறு எதிர்க்காற்றும் பெரும் உழைப்பைத் தின்றுவிடும். 45 கி.மீ.யை ஒருவர் பின்காற்றில் மணிக்கு 32 கி.மீ. வேகத்திலும், திரும்பும்போது 24 கி.மீ. வேகத்திலும் கடந்தால், முழுப் பயணத்தின் சராசரி 28 ஆகாது, 27.4தான். மெதுவான பாதியில் அதிக நேரம் கழிவதே காரணம். காற்றில்லாத நாளின் சராசரியோடு இதை ஒப்பிட்டு உடல்தகுதி குறைந்துவிட்டதாக முடிவு கட்டுவது தவறு.

நிறுத்தங்களைக் கருவி எப்படிக் கணக்கிடுகிறது என்பதும் சராசரியை மாற்றும். நின்றதும் தானே நேரத்தை நிறுத்தும் வசதி இருந்தால் வண்டலூர் சிக்னலில் காத்திருந்த நிமிடங்கள் சேராது. இருவர் சராசரிகளை ஒப்பிடும்போது இருவர் கருவியிலும் அது ஒரே நிலையில் இருக்க வேண்டும்.

சமதளச் சாலைக்கு வேகத்தைவிட உதவுவது கேடன்ஸ், அதாவது நிமிடத்துக்கு எத்தனை முறை பெடல் சுற்றுகிறது என்ற கணக்கு. எதிர்க்காற்றில் கியரைக் குறைக்காமல் முழங்காலை வருத்துகிறோமா என்பதை அது உடனே காட்டும். கேடன்ஸ் சென்சார் இடது கிராங்கில் பொருத்தப்படும், விலையும் அதிகமில்லை.

இதயத்துடிப்பு அளவி இங்கே மற்றொரு பயன் தருகிறது. வெயில் ஏற ஏற, வியர்வையில் உடல்நீர் குறைய, அதே உழைப்புக்கே இதயம் அதிகமாகத் துடிக்கும். காலை எட்டு மணிக்குப் பின் மாம்பாக்கம் சாலையில் திரும்புபவருக்கு, வேகம் மாறாமல் துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போவது தண்ணீர் குடிக்கவும் நிழலில் நிற்கவும் வேண்டிய அறிகுறி. மார்புப் பட்டை அளவி, கைக்கடிகார அளவியைவிடப் பொதுவாகத் துல்லியமானது.

பெடலிலோ கிராங்கிலோ உழைப்பை வாட்டில் அளக்கும் பவர் மீட்டர், காற்று எந்தத் திசையில் அடித்தாலும் மாறாத கணக்கைத் தருவதால் கடற்கரைக்கு மிகவும் ஏற்றது. அதன் விலை கம்ப்யூட்டரின் விலையையே மிஞ்சலாம் என்பதால் பந்தயப் பயிற்சி எடுப்பவர்களுக்கே அது பொருந்தும். இன்று இல்லாவிட்டாலும் பின்னாளில் அதை வாங்க எண்ணுபவர், அதை ஏற்கும் திரையை இப்போதே தேர்வது நல்லது.

உயரத்தைக் காற்றழுத்தத்தால் அளக்கும் பாரோமீட்டர் இப்பகுதியில் அதிகம் பயன்படாது. வண்டலூர், திருக்கழுக்குன்றம் அருகிலுள்ள சிறு மேடுகளைத் தவிர அளக்க ஏதுமில்லை. வானிலை மாறும்போது அழுத்தமும் மாறுவதால், ஏறாத உயரத்தை ஏறியதாகவும் அது காட்டலாம். மழைநீரோ வியர்வையோ அதன் சிறு துளையை அடைத்தாலும் இதே விளைவுதான். ஏற்காடு, ஏலகிரி, எழுபது கொண்டை ஊசி வளைவுள்ள கொல்லிமலை என்று மலையேறப் போகிறவருக்கு அது வேண்டும்.

வரைபடமும் ரேடாரும்

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை வழி காட்ட வரைபடம் வேண்டியதில்லை, சாலை ஒன்றே. திருக்கழுக்குன்றத்தைச் சுற்றியுள்ள கிராமச் சாலைகளில் புது வழி தேடுபவருக்கு அது தேவை. குறைந்த விலைக் கருவிகள் வெற்றுத் திரையில் ஒரு கோட்டை மட்டும் காட்டும். அதைவிட்டு விலகினால் எச்சரிக்கும். விலை கூடியவை முழு வரைபடத்தோடு மாற்றுவழியையும் தாமே கணக்கிடும். போனில் உருவாக்கிய வழியைப் பின்தொடர முதல் வகையே பலருக்குப் போதும்.

பின்னால் வரும் வண்டியை உணர்ந்து திரையில் காட்டும் ரேடார் விளக்குகளும் இருக்கின்றன. கார்மின் வேரியா 140 மீட்டர் தொலைவிலேயே உணரும். இடைவிடாமல் வண்டிகள் வரும் ஜி.எஸ்.டி. சாலையில் அது ஓயாமல் ஒலிப்பதால் பயன் குறைவு. விடியலில் வண்டிகள் அரிதாகவும் வேகமாகவும் வரும் கடற்கரைச் சாலையில்தான் அதன் பயன் முழுதாகத் தெரியும்.

வெயில், மழை, உப்பு

இப்பகுதியில் சைக்கிள் ஓட்டுபவர்கள் வெயிலுக்கும் நெரிசலுக்கும் முந்திக்கொள்ள விடியுமுன்பே கிளம்புகிறார்கள். ஆகவே பின்னொளி தேவை. மலிவான பல கருவிகளில் அது கிடையாது. திரும்பும்போது நிலை தலைகீழ். மேற்கு நோக்கி வருகையில் முதுகுப்புறச் சூரியன் திரையில் நேராக விழும். வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பித் தெளிவு பெறும் கருப்பு-வெள்ளைத் திரையும் அதே முறையில் இயங்கும் வண்ணத் திரையும் அப்போது நன்றாகத் தெரியும், மின்கலத்தையும் மிச்சப்படுத்தும்.

ஐ.பி.எக்ஸ்.7 குறி, ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் தாங்கியதைச் சொல்கிறது. ஐ.பி.எக்ஸ்.4 தெறிநீரை மட்டும் தாங்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஓட்டுபவர் முதல் வகையைத் தேட வேண்டும். இச்சோதனைகள் நன்னீரில் நடப்பவை. உப்புக்கு இந்தக் குறி உத்தரவாதம் ஆகாது. கடற்கரைப் பயணத்துக்குப் பின் கருவியையும் அதன் மவுன்ட்டையும் ஈரத்துணியால் துடைப்பதும், பட்டன் செல் அறையின் ரப்பர் வளையத்தைப் பார்ப்பதும், சார்ஜ் துளையை உலரவிட்டு மூடுவதும் ஆயுளைக் கூட்டும்.

சி.ஆர்.2032 பட்டன் செல்லில் ஓடும் எளிய திரை மாதக் கணக்கில் உழைக்கும். செல்லும் எங்கும் கிடைக்கும். ஜி.பி.எஸ். கருவியின் லித்தியம் மின்கலத்தை அடிக்கடி சார்ஜ் செய்ய வேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் அதை விட்டுவைக்கக் கூடாது.

நெடுந்தூரம் ஓட்டுபவருக்கு மின்கலமே முதல் அளவுகோல். பாரீஸின் ஆடாக்ஸ் கிளப் வகுத்த விதிப்படி நடக்கும் பி.ஆர்.எம். எனப்படும் நெடுந்தூரப் பயணங்களைச் சென்னையில் மெட்ராஸ் ராண்டனர்ஸ் நடத்துகிறது. 200 கி.மீ.க்குப் பதின்மூன்றரை மணி, 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40 மணி நேரம் என்பது கெடு. நிறுவனங்கள் சொல்லும் கணக்கில் கார்மின் எட்ஜ் 130 பிளஸ் 12 மணி நேரமும் எட்ஜ் 530 20 மணி நேரமும் பிரைட்டன் ரைடர் 420 35 மணி நேரமும் ஓடும். கெடு முழுவதையும் எடுத்துக்கொள்பவருக்கு முதலாவது 200 கி.மீ.க்கே போதாது. மூன்றாவதும் 600 கி.மீ.க்குப் பவர் பேங்க்கின் துணையைக் கேட்கும். ஓடும்போதே சார்ஜ் ஆகுமா, மழையில் அந்தத் துளை திறந்திருக்க வேண்டுமா என்பவற்றை இவர்கள் முன்பே அறிந்துகொள்ள வேண்டும்.

போனே போதாதா

போனில் ஸ்டிராவா போன்ற செயலியை ஓட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது செலவில்லாத வழி. பாதையும் தூரமும் பதிவாகும். போகிற போக்கில் எண்ணைப் பார்க்க முடியாது என்பதே குறை. போனை ஹேண்டில்பாரில் மாட்டினால் வெயிலும் அதிர்வும் மழையும் அதன்மேல் நேராக விழும். ஐபோனை 35 டிகிரி வரையுள்ள சூழலில் பயன்படுத்துமாறு ஆப்பிள் சொல்கிறது. செங்கல்பட்டுக் கோடையின் பகல் அதைத் தாண்டிவிடும். அவசர அழைப்புக்கு வேண்டிய மின்கலத்தைத் திரை தின்றுவிடும் என்பது இன்னொரு காரணம். போன் பையில் பாதையைப் பதிய, எளிய திரை முன்னால் வேகத்தைக் காட்ட, இரண்டும் சேர்ந்து பலருக்கு நிறைவான ஏற்பாடாகின்றன.

ஜி.பி.எஸ். கருவி வாங்குபவர் அதன் செயலியையும் சேர்த்தே வாங்குகிறார். பதிவுகளை ஃபிட் அல்லது ஜி.பி.எக்ஸ். கோப்பாக வெளியே எடுக்க முடிய வேண்டும். இல்லையேல் நிறுவனத்தை மாற்றும் நாளில் பழைய பயணங்கள் அங்கேயே தங்கிவிடும். மென்பொருள் புதுப்பிப்பு, இந்தியாவில் உத்தரவாதம், உடைந்த மவுன்ட்டுக்கு மாற்று கிடைப்பது ஆகியவையும் விலையின் பகுதிகளே.

யாருக்கு எது

வாரம் ஓரிரு முறை வண்டலூர், கேளம்பாக்கம் வரை போய்வருபவருக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் சக்கரச் சென்சாரும் பட்டன் செல்லும் உள்ள எளிய கருவி போதும். அனலாக் வகையின் விலை இன்னும் குறைவு. ரயில் பாதையோர இடையூறையும் குழுவில் கலப்பதையும் பொறுத்துக்கொள்பவர் அதை வாங்கலாம். மாமல்லபுரம் வரை ஓட்டிப் பதிவுகளையும் சேர்த்துவைக்க விரும்புபவருக்கு பிரைட்டன், ஐஜிபிஸ்போர்ட், மாஜீன் போன்ற நிறுவனங்களின் தொடக்கநிலை ஜி.பி.எஸ். கருவியும் ஒரு கேடன்ஸ் சென்சாரும் ஏற்றவை. பி.ஆர்.எம். ஓட்டுபவர் மின்கலத்தையும் வழிகாட்டலையும் முதலில் பார்க்க வேண்டும். பந்தயத்துக்குப் பயிற்சி எடுப்பவருக்குக் கார்மின், வாஹூ போன்றவற்றின் மேல்நிலைக் கருவிகள் பொருந்தும். ஆயினும் திரையில் மிச்சம் பிடித்துப் பவர் மீட்டரில் செலவிடுவதே அவருக்குக் கூடுதல் பயன் தரும்.

எதை வாங்கினாலும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் மூன்று சோதனைகளைச் செய்துவிடலாம். சாலையோரக் கிலோமீட்டர் கற்களை வைத்துச் சில கிலோமீட்டர் ஓட்டித் தூரத்தைச் சரிபார்ப்பது முதலாவது. ரயில் பாதையை ஒட்டி, விளக்கை எரியவிட்டு ஓட்டும்போது எண் குதிக்கிறதா என்று பார்ப்பது இரண்டாவது. நண்பகல் வெயிலில் கண்ணாடி அணிந்தபடி திரையை ஒரே பார்வையில் படிக்க முடிகிறதா என்று பார்ப்பது மூன்றாவது. இம்மூன்றிலும் தேறும் கருவி இப்பகுதிச் சாலைகளின் அன்றாடத் தேவைக்குப் போதுமானது.